மலை மத்திய அரசுக்கு, மான் மாநிலத்துக்கு

கேள்வி: டாலஸ் பக்கம் ஐந்து ஆண்டுகளாக இருக்கிறேன், ஹெச்-1பி விசாவில். என்னோடு ஒரே குழுவில் வேலை பார்த்த நண்பர், வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் மொன்டானா மாநிலத்தில் போஸ்மன் நகருக்குக் குடிபோய்விட்டார். அங்கே அவரோடு எல்க் வேட்டைக்குப் போக ஆசை. அவருக்கு எல்க் டேக் 20 டாலர். எனக்கு ஆயிரத்து இருநூறு டாலருக்கு மேல்; அதுவும் குலுக்கலில் பெயர் விழுந்தால்தான். இத்தனைக்கும் நாங்கள் போவது மத்திய அரசின் தேசியக் காட்டுக்கு. அதற்கு நானும்தான் வரி கட்டுகிறேன். இது எந்த ஊர் நியாயம்? கோர்ட்டுக்குப் போனால் நிற்குமா? நண்பர் தன் வீட்டு முகவரியைப் போட்டு விண்ணப்பிக்கச் சொல்கிறார். செய்யலாமா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், டாலஸ்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நண்பரின் முகவரியைப் போடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

உங்களிடம் கூடுதல் கட்டணம் கேட்பது நீங்கள் அங்கே ‘நான்-ரெசிடென்ட்’ என்பதால். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு என்.ஆர்.ஐ. வங்கிக் கணக்கும் பாஸ்போர்ட்டும்தான் நினைவுக்கு வரும். வேட்டை உரிமத்தில் அந்தச் சொல்லுக்குக் குடியுரிமையோடு தொடர்பில்லை. டெக்சஸில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வசிக்கும் நீங்கள் டெக்சஸுக்கு உள்ளூர்க்காரர். அமெரிக்காவிலேயே பிறந்து சிகாகோவில் வாழ்பவர் டெக்சஸுக்கு வெளியூர்க்காரர். டெக்சஸில் பொது வேட்டை உரிமத்துக்கு நீங்கள் கட்டுவது 25 டாலர், அவர் கட்டுவது 315. ஆக, மொன்டானாவில் உங்களுக்கு நடப்பதை உங்கள் மாநிலமும் மற்றவர்களுக்குச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். நீங்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் இரண்டு பொருளைச் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. மலையும் காடும் மத்திய அரசுடையவை. அங்கே நடக்க, கூடாரம் போட, படம் எடுக்க உங்களுக்கும் போஸ்மன் நண்பருக்கும் ஒரே உரிமை. ஆனால் அந்த மலையில் மேயும் எல்க் மத்திய அரசின் சொத்து அல்ல. பிடிபடும்வரை அது யாருடைய சொத்தும் இல்லை. மாநிலம் தன் மக்களின் சார்பில் அதற்குப் பொறுப்பாளர். பண்ணைக்காரருக்கே இதுதான் கதி. அவர் வேலிக்குள் அவர் புல்லைத் தின்று கொழுத்த மானானாலும், டேக் இல்லாமல் சுட்டால் குற்றம். 1896-இல் கனெக்டிகட் மாநில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், வனவிலங்குகள் மாநிலத்தின் ‘உடைமை’ என்கிற அளவுக்கே போனது. 1979-இல் ஓக்லஹோமாவின் பொடிமீன்களைப் பற்றிய வழக்கில், அந்த உடைமைப் பேச்சு வெறும் கற்பனை என்று அதே நீதிமன்றம் அதைக் கைவிட்டது. ஆனாலும் விலங்குகளைக் காக்கவும், எத்தனையைச் சுடலாம், யார் சுடலாம் என்று சொல்லவும் மாநிலத்துக்கு இருந்த அதிகாரம் போய்விடவில்லை.

எல்க் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. நம் கடமானைவிடப் பெரிது. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். அது விழுந்ததும் வேட்டைக்காரர் செய்யவேண்டிய முதல் காரியம் தோலுரிப்பது அல்ல. கையுறையைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து டேக் என்கிற அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்து, ஓரத்தில் அச்சிட்டிருக்கும் மாதத்தையும் தேதியையும் கத்தியால் துல்லியமாக வெட்டியெடுத்து, காகிதத்தைக் கொம்பிலோ காலிலோ கட்டவேண்டும். இப்போது செல்போனிலேயே பதியும் வசதியும் சில மாநிலங்களில் வந்துவிட்டது. குளிரில் விரல் மரத்துப்போன நிலையில், தவறான தேதியை வெட்டிவிடக்கூடாதே என்ற பதற்றத்தில், அந்த நாலு அங்குலக் காகிதத்தோடு நான் மல்லுக்கட்டியதுண்டு. காகிதம் கட்டப்படும் அந்த நொடியில்தான் மாநிலத்தின் பொறுப்பில் இருந்த விலங்கு உங்களுடையதாகிறது. ஆயிரத்துச் சொச்சம் டாலர் அந்தக் காகிதத்துக்குத்தான். காட்டுக்கு நுழைவுக் கட்டணம் என்று எண்ணிக் கணக்குப் போட்டால் கணக்கு ஒருநாளும் ஒத்துவராது.

கோர்ட்டில் நிற்குமா என்று கேட்டீர்கள். நீங்கள் கேட்கும் அதே மாநிலம், அதே எல்க், அதே கேள்வி 1978-இல் உச்ச நீதிமன்றம்வரை போய்விட்டது. 1976 வேட்டைப் பருவத்துக்கு மொன்டானா உள்ளூர்க்காரர் எல்க்குக்கு மட்டும் 9 டாலரில் உரிமம் வாங்கலாம். மற்ற விலங்குகளும் சேர்ந்த கூட்டு உரிமம் 30 டாலர். வெளியூர்க்காரர் எல்க் மட்டும் போதும் என்றாலும் 225 டாலர் கூட்டு உரிமத்தைத்தான் வாங்கியாகவேண்டும். ஒரு கணக்கில் ஏழரை மடங்கு, இன்னொரு கணக்கில் 25 மடங்கு. மினசோட்டாக்காரர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். வழக்குக்குப் பெயர் தந்த லெஸ்டர் பால்ட்வின் மட்டும் மொன்டானாக்காரர். அவர் தொழில்முறை வேட்டை வழிகாட்டி. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வெளிமாநிலத்தார். கட்டணம் ஏறினால் அடி விழுவது அவர் பிழைப்பில்.

ஒரு மாநிலத்துக் குடிமக்களுக்கு உள்ள உரிமைகள் மற்ற மாநிலத்துக் குடிமக்களுக்கும் உண்டு என்று அரசமைப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. பால்ட்வின் தரப்பு பிடித்துக்கொண்ட முக்கியமான ஆயுதம் அது. அவர்களுக்கு முன்னுதாரணமும் இருந்தது. தென் கரோலினா மாநிலம் இறால் படகுக்கு உள்ளூர்க்காரரிடம் 25 டாலரும் வெளியூர்க்காரரிடம் 2,500 டாலரும் கேட்டபோது, 1948-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று அடித்துப்போட்டது. ஆனால் இறால் பிடிப்பது வயிற்றுப்பாடு. எல்க் வேட்டை பொழுதுபோக்கு. இந்த ஒரு வேறுபாட்டில்தான் பால்ட்வின் வழக்கு தோற்றது. பொழுதுபோக்குக்காக வேட்டையாடுவது நாட்டை ஒன்றாகக் கட்டிவைக்கும் அடிப்படை உரிமைகளில் சேராது என்று நீதிபதி பிளாக்மன் எழுதினார். ஆறு பேர் ஒரு பக்கம், மூவர் மறு பக்கம். இதில் உங்களுக்கு இன்னொரு சிக்கல்: அந்த நான்காம் பிரிவு பேசுவது குடிமக்களைப் பற்றி. ஹெச்-1பியில் இருப்பவருக்கு அந்த வாசல் திறக்கவே திறக்காது.

எதிர்த்து எழுதிய நீதிபதி பிரென்னனின் வாதத்தில் எனக்கு இன்றும் பாதி மனம் உண்டு. வெளியூர்க்காரர் ஒருவரால் மாநிலத்துக்கு உண்மையில் ஆகும் கூடுதல் செலவைக் கணக்குப் பார்த்தால், எப்படிப் பார்த்தாலும் இரண்டரை மடங்குக்கு மேல் நியாயப்படுத்த முடியாது என்பது கீழ் நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கு. மீதி எதற்கு? பெரும்பான்மை அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. அடிப்படை உரிமை இல்லை என்றானபின், மாநிலம் ஏதோவொரு நியாயமான காரணம் காட்டினால் போதும் என்று விட்டுவிட்டது. காரணம் இல்லாமலும் இல்லை. 1960-களின் பத்தாண்டில் மொன்டானாவின் உள்ளூர் வேட்டைக்காரர்கள் 67 சதவீதம் பெருக, வெளியூர்க்காரர்கள் 530 சதவீதம் பெருகியிருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கான கூட்டு உரிமம் ஆண்டுக்கு 17,000-க்கு மேல் கிடையாது என்ற வரம்பு அதற்குப் பிறகு வந்ததுதான்.

அதற்குப் பிறகும் ஒரு சந்து திறந்தது. அரிசோனா, ஆண் எல்க்குக்கும் சில பகுதி மான்களுக்கும் வெளியூர்க்காரர் பங்கைப் பத்து சதவீதத்தோடு நிறுத்தியிருந்தது. இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத் தடுப்பதாகாதா என்று வேட்டைக்காரர்கள் வேறு வழியில் வழக்குப் போட, 2002-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. மேற்கு மாநிலங்கள் அலறின. நெவாடா செனட்டர் ஹாரி ரீட் முன்னின்று, உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்று பிரித்து உரிமமும் கட்டணமும் வைக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்ற சட்டப்பிரிவைக் கொண்டுவந்தார். 2005 மே 11 அன்று அது சட்டமானது.

அந்தப் பிரிவு எந்தச் சட்டத்துக்குள் செருகப்பட்டது தெரியுமா? ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ச் செலவுக்கும், 2004 டிசம்பரில் நாகப்பட்டினத்தையும் மட்டக்களப்பையும் வாரிக்கொண்டு போன சுனாமியின் நிவாரணத்துக்கும் பணம் ஒதுக்கிய அவசரச் சட்டம் அது. தலைப்பிலேயே சுனாமி இருக்கிறது. உங்கள் டிரைவிங் லைசென்ஸில் நட்சத்திரம் போட்டிருக்கிறதே, அந்த ரியல் ஐடி சட்டமும் அதே மூட்டைக்குள் வந்ததுதான். அவசரமாகப் போகும் லாரியில் எல்லோரும் தத்தம் மூட்டையை ஏற்றிவிடுவது இந்த நாட்டு நாடாளுமன்ற வழக்கம். எப்படி ஏறியதென்றாலும் சட்டம் சட்டம்தான். வாத்து வேட்டையில் வெளியூர்க்காரருக்கு வைத்த கட்டுப்பாடுகளுக்காக வடக்கு டகோட்டா மீது பக்கத்து மினசோட்டா மாநிலமே போட்ட வழக்கு 2006-இல் மேல்முறையீட்டில் தோற்றதும் இந்தப் பிரிவைக் காட்டித்தான். நீதிமன்றம் ஒருமுறை, நாடாளுமன்றம் ஒருமுறை என்று கதவு இரண்டு தாழ்ப்பாளோடு மூடிக்கிடக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தில் பத்து வருடத்துக்கு டேக் வாங்கலாம்.

சட்டம் போகட்டும், நியாயமா? மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் பார்க்க நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டாருக்கு 600. அங்கே வரிசையில் நின்றபோது நம்மில் எத்தனை பேர் அவருக்காக வருத்தப்பட்டோம்? டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போதும் வருத்தப்படப்போவதில்லை. மொன்டானாக்காரர் வருடம் முழுக்க அந்த எல்க்கோடு வாழ்கிறார். பனிக்காலத்தில் அது அவர் வைக்கோற்போரைத் தின்கிறது, வேலியை உடைக்கிறது, இரவில் காருக்குக் குறுக்கே பாய்கிறது. அவருக்கு முதல் உரிமை என்பதில் எனக்குக் குறையில்லை.

பணமும் வீணாகப் போவதில்லை. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உற்பத்தியாளரிடம் 11 சதவீத வரி வாங்கி, மத்திய அரசு அதை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் பிரித்துத் தருகிறது. முக்கியப் பங்கைப் பிரிக்கும்போது பாதிக்கு மாநிலத்தின் பரப்பளவும், மறுபாதிக்கு உரிமம் வாங்கியவர் எண்ணிக்கையும் கணக்கு. அந்தப் பணம் வேண்டுமென்றால் உரிமக் கட்டணத்தை மாநிலம் வேறு எதற்கும் திருப்பக்கூடாது. நெடுஞ்சாலைக்குப் போடவோ பட்ஜெட் ஓட்டையை அடைக்கவோ முடியாது.

எனக்குக் குறை வேறிடத்தில். உள்ளூர்க்காரருக்கு அங்கே ஓட்டு உண்டு; உங்களுக்கு இல்லை. 2010-இல் மொன்டானா வாக்காளர்கள் ஒரு முன்மொழிவை நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். வழிகாட்டி நிறுவனங்கள் மூலம் வருவோருக்குக் குலுக்கலின்றி உறுதியாகக் கிடைத்துவந்த உரிமத்தை அது ஒழித்தது, நல்ல காரியம். அதே கையோடு வெளியூர்க் கூட்டு உரிமத்தை 628 டாலரிலிருந்து 897-ஆக ஏற்றியது. அடுத்தவர் பையிலிருந்து போகும் பணத்துக்குக் கை தூக்குவதில் யாருக்குத் தயக்கம்? தன் 20 டாலரை 40 ஆக்கும் முன்மொழிவுக்கு இவ்வளவு சுலபமாகக் கை தூக்கியிருப்பார்களா? மேற்கு மாநிலங்கள் பலவற்றில் உரிம வருமானத்தின் பெரும்பங்கு வெளியூர்க்காரர் பணம். அதற்குப் பழகிய மாநிலத்தால் பிறகு விடமுடிவதில்லை.

இன்னொன்று இந்தப் பாயிண்ட் வியாபாரம். குலுக்கலில் பெயர் வராதவருக்கு அந்த வருடத்துக்கு ஒரு பாயிண்ட்; சேரச் சேர வாய்ப்புக் கூடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாயிண்டுக்கும் விண்ணப்பத்துக்கும் கட்டிய பணம் திரும்பாது. கொலராடோவில் பேர்போன சில எல்க் பகுதிகளுக்கு 20 பாயிண்டுக்கு மேல் சேர்த்தவர்களே இன்னும் வரிசையில் நிற்கிறார்கள்; வருடத்துக்கு ஒன்று என்றால் நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். வயோமிங்கில், கூடுதல் கட்டணம் கட்டினால் ‘ஸ்பெஷல்’ என்று தனிக் குலுக்கல். கூட்டம் குறைவு என்பதால் வாய்ப்பும் பெரும்பாலும் நல்லது. அதிர்ஷ்டத்துக்கே விலைச் சீட்டு. ஒரு மேற்கு மாநிலத்துக்கு, பெயர் வேண்டாம், நானே ஏழு வருடம் பாயிண்டுக்குப் பணம் கட்டினேன். எட்டாம் வருடம் விதியை மாற்றினார்கள். என் பாயிண்ட் பத்திரமாக இருக்கிறது. அதற்கு அர்த்தம்தான் இல்லை. நடக்காத வேட்டைக்குப் பணம் வாங்குவதைவிட, 1,200 டாலரானாலும் டேக்கைக் கையில் தந்துவிட்டு வாங்குவது யோக்கியமான வியாபாரம்.

இப்போது நண்பரின் முகவரி. மொன்டானா உள்ளூர்க்காரராக 180 நாள் தொடர்ந்து அங்கே வசித்திருக்கவேண்டும். வண்டியை அங்கே பதிந்திருக்கவேண்டும், வருமான வரியை அங்கே வசிப்பவராகக் கட்டவேண்டும், வேறு மாநிலத்தில் உள்ளூர்ச் சலுகை அனுபவிக்கக்கூடாது. அங்கே நிலமே வாங்கிப் போட்டாலும் இதெல்லாம் இல்லாமல் நீங்கள் வெளியூர்தான். பொய் முகவரியில் உரிமம் வாங்கிச் சுட்ட இறைச்சியோடு மாநில எல்லையைத் தாண்டினால், விஷயம் 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டத்துக்குள், அதாவது மத்திய அரசுக் குற்றத்துக்குள் போய்விடலாம். மொன்டானாவில் வேட்டை உரிமை பறிபோனால், மாநிலங்களுக்கு இடையில் ஓர் ஒப்பந்தம் இருப்பதால் டெக்சஸ் உட்பட மற்ற மாநிலங்களிலும் பறிபோகும். கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவரின் கோப்பில் இப்படியொரு வழக்கு எண் ஏறினால் என்னாகும் என்பதை உங்கள் குடியேற்ற வக்கீலிடமே கேளுங்கள்.

முன்னாள் உள்ளூர்க்காரர்களும் உறவுக்காரர்களும் வந்து வேட்டையாட மொன்டானாவில் குறைந்த கட்டணத்தில், சில நிபந்தனைகளோடு, ஒரு உரிமம் உண்டு. நண்பர் உறவாகமாட்டார், அவர் தங்கையைக் கட்டிக்கொள்ளும் உத்தேசம் இருந்தால் விதிகளைப் படித்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாகவேண்டும். உங்கள் விசாவுக்கு இதுதான் முக்கியம். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய அரசுச் சட்டம் தடுக்கிறது. விதிவிலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். மான் பக்கமே போகாத மென்பொருள்காரர்கள் பலர் வருடாவருடம் வேட்டை உரிமம் வாங்குவது இதற்காகத்தான். நண்பரின் துப்பாக்கியைச் சும்மா வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வதும் ‘வைத்திருப்பது’ ஆகலாம்.

முடிவு எடுத்துவிட்டீர்களென்றால், மொன்டானா கூட்டு உரிமத்துக்கு விண்ணப்பம் ஏப்ரல் 1-க்குள் போகவேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் டெக்சஸில் வேட்டைக் கல்விச் சான்றிதழ் எடுக்கவேண்டும். அதை மொன்டானாவும் ஏற்கும். திரும்பும்போது இறைச்சியை எலும்பு நீக்கிக் கொண்டுவாருங்கள். மான்களைத் தாக்கும் மூளைநோய் பரவாமலிருக்க, மண்டையோட்டையும் முதுகெலும்பையும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கட்டுப்பாடுகள் உண்டு. வழியில் சோதனைச் சாவடி வந்தால், வெறுங்கையோடு திரும்பினாலும் நின்றுதான் போகவேண்டும்.

அதற்குள் துப்பாக்கி பிடிக்கப் பழகவேண்டாமா? டெக்சஸில் 48 டாலர் பொது வேட்டை அனுமதி, உங்கள் 25 டாலர் உரிமத்தோடு சேர்ந்தால், பத்து லட்சம் ஏக்கர் அளவுக்கு நிலத்தைத் திறந்துவிடும். இல்லையென்றால் காட்டுப்பன்றி இருக்கிறது. நிலக்காரர் சம்மதத்தோடு தனியார் நிலத்தில் பன்றியைச் சுட 2019 செப்டம்பரிலிருந்து உரிமமே வேண்டாம். உள்ளூர், வெளியூர் என்ற பேச்சும் இல்லை. ஒழிந்தால் போதும் என்று மாநிலம் நினைக்கும் விலங்குக்கு யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை, பாருங்கள். ஆனால் ‘உரிமம் வேண்டாமாமே’ என்று நீங்கள் சும்மா இருந்துவிடாதீர்கள். பன்றிக்கு வேண்டாம், உங்கள் கையில் துப்பாக்கி இருப்பதற்கு வேண்டும். டெக்சஸ் உரிமம் எந்த மாதம் வாங்கினாலும் பொதுவாக ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகிவிடும். அடுத்த வருடத்துக்கானதை முன்னதாகவே விற்கத் தொடங்கிவிடுவார்கள், அப்போதே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.